கம்பளி இழை கூறும் சாட்சியம்

கூட்டுறவு இயக்கத்தைப் பற்றிப் பேசப் புகுந்தவர் எவரும் டென்மார்க் தேசத்தைக் குறிப்பிடாமல் தம் பேச்சை முடிப்பதில்லை. அத்தேசத்தின் ஜட்லாந்துத் தீபகற்பத்தில், ஹ்யெடிங் என்னும் சிற்றூரில், 1882ஆம் ஆண்டு குடியானவர்கள் ஒன்று கூடித் தங்கள் பாலிலிருந்து தாங்களே வெண்ணெய் எடுக்கத் தொடங்கிய வரலாறு நம் பயிற்சி வகுப்புகளில் ஆண்டுதோறும் சொல்லப்பட்டு வருவது. ஆனால் அதே ஜட்லாந்தில், மூவாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் மாண்ட ஓர் இளம்பெண்ணையும் அவள் உடுத்திய கம்பளியையும் குறித்து விஞ்ஞானிகளிடையே ஒரு வழக்கு நிகழ்ந்து வருகின்றது என்பதும், அவ்வழக்கில் குடியானவர்கள் தம் வயல்களில் இட்ட சுண்ணாம்பே முக்கிய சாட்சியாகக் கூண்டில் ஏற்றப்பட்டுள்ளது என்பதும் நம் அங்கத்தினர்களில் பலர் அறியாத செய்தி. நூலோடும் நிலத்தோடும் ஒருங்கே தொடர்புடைய விஷயமாதலால், நெசவாளரும் பயிரிடுவோரும் சேர்ந்து படிக்கும் இவ்விதழில் அதைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம்.

வழக்கின் நடுவே இருப்பது ஸ்ட்ரான்ஷியம் என்னும் உலோகம். ஸ்காட்லாந்தில் ஸ்ட்ரான்ஷியன் என்ற கிராமத்து ஈயச் சுரங்கங்களில் கிடைத்த ஒரு கல்லில் புதிய பொருள் ஒன்று இருப்பதை 1790ஆம் ஆண்டில் உணர்ந்தார்கள். 1808இல் ஹம்ப்ரி டேவி என்ற ரசாயன அறிஞர் மின்சாரத்தின் உதவியால் அதிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுத்தார். ஊரின் பெயரே உலோகத்துக்கும் நின்றுவிட்டது. தீபாவளி மத்தாப்பில் நாம் காணும் சிவந்த ஒளி பெரும்பாலும் இதன் உப்புக்களால் விளைவது. குணத்தில் இது கால்சியத்தின், அதாவது சுண்ணாம்பில் உள்ள உலோகத்தின், பங்காளி. கால்சியம் செல்லும் இடமெல்லாம் இதுவும் சிறிதளவு உடன் செல்லும். வேர் மண்ணிலிருந்து கால்சியத்தை உறிஞ்சும்போது ஸ்ட்ரான்ஷியத்தையும் உறிஞ்சுகிறது. புல்லைத் தின்ற ஆட்டின் எலும்பிலும் பாலிலும் ரோமத்திலும் அது சென்று தங்குகிறது.

ஸ்ட்ரான்ஷியம் என்றதும் சில வாசகர்கள் திடுக்கிடக்கூடும். அணுகுண்டுச் சோதனைகள் வான்வெளியில் நடந்த காலத்தில் பாலில் விழுந்து குழந்தைகளின் எலும்பில் சேர்ந்ததென உலகம் அஞ்சிய ஸ்ட்ரான்ஷியம்-90 வேறு. நாம் இங்கே கூறுவது வேறு. அது கதிர் வீசிச் சிதையும் இயல்புடையது. மண்ணிலும் கல்லிலும் இயற்கையாக உள்ள ஸ்ட்ரான்ஷியமோ நால்வகை அணுக்களால் ஆனது. 84, 86, 87, 88 என்னும் எடை எண்களையுடைய அந்நான்கும் நிலையானவை, என்றும் சிதையாதவை.

இத்தகைய அணுக்களை ஐசோடோப்புகள் என்பர். ஒரே சாயத் தொட்டியில் தோய்த்த ஒரே நம்பர் நூல் சிட்டங்கள் நான்கை எடுத்துக்கொள்வோம். நிறம் ஒன்று, தறியில் ஓடும் விதம் ஒன்று. தராசில் இட்டால் மாத்திரம் ஒன்றுக்கொன்று சற்றே எடை வேறுபடும் என்று வைத்துக்கொள்வோம். சாயக்காரருக்கும் நெசவாளருக்கும் அவற்றிடையே பேதம் தெரியாது, தராசுக்குத் தெரியும். ஐசோடோப்புகளும் அவ்வாறே. செடியும் ஆடும் அவற்றைப் பிரித்து அறிவதில்லை. வந்ததை வந்த விகிதத்திலேயே ஏற்றுக்கொள்ளுகின்றன. ஏற்றுக்கொள்ளும்போது நேரும் மிகச் சிறிய வேறுபாட்டையும் கணக்கிட்டு நீக்கிவிட வழியுண்டு. ஆகவே ஆட்டு ரோமத்தில் காணும் விகிதம் அந்த ஆடு மேய்ந்த புல்லின் விகிதம். புல்லில் காண்பது அதன் வேர் எட்டிய மண்ணுடையதும் நீருடையதும்.

விகிதம் ஊருக்கு ஊர் மாறுவதற்குக் காரணமாயிருப்பது ஸ்ட்ரான்ஷியம்-87. மற்ற மூன்றின் அளவும் உலகில் பெரும்பாலும் மாறாதிருக்க, இது ஒன்று மட்டும் சிறுகச் சிறுகப் பெருகி வருகின்றது. ருபீடியம் என்ற மற்றோர் உலோகத்தின் 87ஆம் எண் ஐசோடோப்பு சிதைந்து ஸ்ட்ரான்ஷியம்-87 ஆக மாறுகிறது. அம்மாற்றம் எத்துணை மெதுவானது எனில், இருக்கின்ற ருபீடியத்தில் பாதி மாறுவதற்கு ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டுகள் வேண்டும். பூமியின் வயதோ 454 கோடி ஆண்டுகளே. வட்டி மிகக் குறைவு. தவணையோ மிக நீண்டது. எனவே ருபீடியம் மிகுந்த பழங்கருங்கற்பாறைகளில் ஸ்ட்ரான்ஷியம்-87 நிறையச் சேர்ந்திருக்கும். அண்மையில் எரிமலை கக்கிய பாறையில் குறைவாக இருக்கும். ஸ்ட்ரான்ஷியம்-86 அணுக்கள் 1,000 உள்ள இடத்தில் ஸ்ட்ரான்ஷியம்-87 அணுக்கள் எத்தனை என்று கணக்கிட்டால், இளம் எரிமலைப் பாறைகள் சிலவற்றில் 703 அல்லது 704. இன்றைய கடல் நீரில் 709. பழைய கருங்கல்லில் 720, 730 என்றும் அதற்கு மேலும் செல்லும். பழங்காலக் கடலடியில் படிந்த வெண்சுண்ணாம்புக் கல்லிலோ 708க்குச் சற்றுக் குறைவு. பின்னால் வேண்டியிருக்கும், இந்தக் கடைசி எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வட்டிக் கணக்கைக் கொண்டு பாறைகளின் வயதை அளந்தறிவதே இந்த ஐசோடோப்பின் முதல் உத்தியோகம். 1969இல் சந்திரனுக்குச் சென்றவர்கள் கொண்டுவந்த கற்களின் வயதும் இம்முறையால் கணிக்கப்பட்டது. காலத்தை அளப்பதில் அதற்கு இன்னோர் உத்தியோகமும் அமைந்துள்ளது. ஜப்பானிய விஞ்ஞானி ஹிடெதோஷி கத்தோரி 2001இல் வகுத்த திட்டத்தின்படி, ஸ்ட்ரான்ஷியம்-87 அணுக்களை ஒளிக்கதிர்களால் பின்னிய வலையில் நிறுத்தி அவற்றின் அதிர்வை எண்ணும் கடிகாரங்கள் அமைக்கப்பட்டன. 1,500 கோடி ஆண்டுகள் ஓடினாலும் ஒரு விநாடி பிசகாத கடிகாரத்தை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2015இல் அறிவித்தனர். டோக்கியோவில் ஒரு கோபுரத்தின் அடியிலும் 450 மீட்டர் உயரத்திலும் இத்தகைய கடிகாரங்களை வைத்துப் பார்த்தபோது, மேலே இருந்தது ஐன்ஸ்டீன் சொன்னபடியே இம்மியளவு விரைந்து ஓடியது என்று 2020இல் வெளியிட்டார்கள். வியப்புக்குரியதுதான், ஆயினும் நம் தறிக்கும் கலப்பைக்கும் அது தொலைவிலுள்ள விஷயம். ஜட்லாந்துக்குத் திரும்புவோம்.

1921ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், எக்ட்வெட் என்னும் கிராமத்தில் ஒரு விவசாயி தம் நிலத்திலிருந்த பழைய மண்மேட்டின் எஞ்சிய பகுதியை அகற்ற முற்பட்டபோது உள்ளே ஓக் மரத்தைக் குடைந்து செய்த சவப்பெட்டி தென்பட்டது. அவர் அதைத் தாமே திறந்து குலைக்காமல் அருங்காட்சியகத்துக்குச் செய்தி அனுப்பினார். அச்செயலுக்காக அவரை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும். பெட்டியில் பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒரு பெண் கிடத்தப்பட்டிருந்தாள். அவளருகில் ஒரு சிறு குழந்தையின் எரிந்த எலும்புகள் இருந்தன. பட்டையால் செய்த சிறு வாளியில் தேனும் பழமும் சேர்த்த மதுவின் வண்டல் இருந்தது. விளிம்பில் வைத்திருந்த ஒரு பூவைக் கொண்டு, அவளைப் புதைத்தது கோடைக்காலம் என்று கண்டுகொண்டார்கள். மரத்தின் வளையங்களை எண்ணி, அம்மரம் வெட்டப்பட்ட ஆண்டு கி.மு. 1370 என்று நிர்ணயித்தார்கள்.

அவள் உடையை நெசவாளர்கள் அறிந்துகொள்ள வேண்டும். மேலே முழங்கை வரை நீண்ட கையுடைய கம்பளிச் சட்டை. பாவும் ஊடையும் ஒன்றுவிட்டொன்றாகச் செல்லும் சாதா நெசவு. இடையில் நெய்த கச்சை. அதில் சுருள் வேலைப்பாடமைந்த வெண்கல வட்டத் தகடு. கீழே பாவாடை எனத் துணி ஏதும் இல்லை. முறுக்கிய கம்பளிக் கயிறுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, மேற்புறம் ஒரு நாடாவாக நெய்து, கீழ்ப்புறம் ஒன்றோடொன்று சேரக் கட்டி, இடையை இருமுறை சுற்றி அணியும்படி செய்யப்பட்ட ஒன்று அது. மேலே போர்த்தியிருந்தது ஒரு கம்பளிப் போர்வை. இத்தனையும் சிதையாமல் கிடைத்ததற்குக் காரணம் பெட்டிக்குள் ஊறிய நீரின் புளிப்புத் தன்மை. அந்நீர் எலும்புகளை முற்றும் கரைத்துவிட்டது. ஆனால் ரோமத்தையும் நகத்தையும் கம்பளியையும் காத்தது. பட்டும் கம்பளியும் காரத்தில் கெடும், பருத்தியும் சணலும் அமிலத்தில் கெடும் என்பதைச் சாயப்பட்டறையில் பழகியவர்கள் நன்கறிவர். அப்பெண் சணல் நூலாடை ஏதேனும் உடுத்தியிருந்தாளாயின், அது தடமின்றிப் போயிருக்கும்.

டென்மார்க்கின் பள்ளிப் பிள்ளைகள் யாவருக்கும் இவள் தெரிந்தவள். தங்கள் நாட்டின் மூதாதைப் பெண் என்று ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அவர்கள் அவளைக் கொண்டாடி வந்தார்கள்.

2015ஆம் ஆண்டில் டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கரின் மார்கரிட்டா ஃபிரை என்ற பெண் விஞ்ஞானி, தம் குழுவினருடன் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். பழங்காலத் துணிகளில் ஸ்ட்ரான்ஷியம் விகிதத்தை அளப்பதில் அவர் முன்னரே தேர்ந்தவர். 1879இல் ஜட்லாந்தில் ஹுல்ட்ரெமோஸ் என்ற சதுப்பு நிலத்தில் கிடைத்த மற்றொரு பெண்ணின் ஆடைகளை ஆராய்ந்து, அவற்றின் நூல் முழுவதும் ஒரே நிலத்தில் விளைந்ததன்று என்று காட்டியவர். இவ்வேலையின் சிரமத்தைச் சற்றே சொல்லியாக வேண்டும். ஆட்டு ரோமத்தில் ஸ்ட்ரான்ஷியம் இருப்பது மிக மிகச் சொற்பம். துணியில் ஏறிய சாயம், சாயம் பிடிப்பதற்கிட்ட காரம், சலவை நீர், புதைந்திருந்த மண் ஆகிய ஒவ்வொன்றும் தன் ஸ்ட்ரான்ஷியத்தைச் சேர்த்துவிட்டிருக்கும். அவற்றையெல்லாம் ரோமத்துக்கு ஊறு நேராமல் கழுவி நீக்கிய பின்புதான் உண்மையான சரக்கு கையில் மிஞ்சும். அதைக் கரைத்து, ஸ்ட்ரான்ஷியத்தைத் தனியே பிரித்து, நிறை நிறமாலைமானி என்னும் கருவியில் இடுவர். சூடேறி மின்னேற்றம் பெற்ற அணுக்கள் ஒரு பெருங்காந்தத்தின் ஊடே பாயும்போது, இலேசானவை அதிகம் வளையும், கனமானவை குறைவாக வளையும். தனித்தனிக் கிண்ணங்களில் விழும் அவற்றை எண்ணி விகிதம் காண்பர். லட்சத்தில் ஓரிரு பங்கு வேறுபாட்டையும் இக்கருவி காட்டிக்கொடுக்கும்.

ஃபிரை அம்மையார் எக்ட்வெட் பெண்ணின் முதல் கடைவாய்ப் பல்லை எடுத்துக்கொண்டார். அப்பல்லின் மேற்பூச்சு குழந்தைப் பருவத்தில் உருவாகி, பின்னர் மாறாமல் நிற்பது. எனவே அவள் பிறந்து வளர்ந்த இடத்தைச் சொல்லும். 23 சென்டிமீட்டர் நீளமிருந்த தலைமயிரைத் துண்டு துண்டாக ஆராய்ந்தார். மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், அவள் வாழ்வின் கடைசி இரண்டு ஆண்டுகள் ஒரு தினசரிக் குறிப்பைப் போல் அதில் பதிவாகியிருந்தன. கட்டைவிரல் நகத்தையும் உடைக் கம்பளியையும் விடவில்லை. கிடைத்த முடிவு நாட்டையே வியப்பில் ஆழ்த்தியது. போர்ன்ஹோல்ம் என்ற தீவு நீங்கலாக டென்மார்க்கின் மண்ணும் நீரும் காட்டும் விகிதம், நாம் மேலே கூறிய கணக்கில், 708 முதல் 711 வரை என்று அவர் குழுவினர் முன்பே நாடெங்கும் அளந்து ஒரு படம் தயாரித்திருந்தனர். அப்பெண்ணின் பல் 711ஐத் தாண்டி நின்றது. கம்பளியில் பெரும்பகுதியும் அவ்வாறே. ஆதலின் அவள் டென்மார்க்கில் பிறந்தவள் அல்லள். தெற்கே 800 கிலோமீட்டர் தொலைவில், ஜெர்மனியின் கருங்காட்டுப் பிரதேசத்தில் பிறந்திருக்கக்கூடும். கடைசி இரண்டு ஆண்டுகளில் நெடுந்தூரம் போய் வந்து, இறப்பதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்பே எக்ட்வெட்டை அடைந்தாள் என்று முடிவு கூறினார்கள். தலைவர்களின் குடும்பங்களுக்கிடையே மணவுறவு பேசி அனுப்பப்பட்ட பெண்ணாக இருக்கலாம் என்றும் எழுதினார்கள். நாட்டின் மகள் என்று நூறாண்டு கொண்டாடப்பட்டவள் அயல்நாட்டாளாகிவிட்டாள்.

நான்கு ஆண்டுகள் சென்றன. 2019இல் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் தாம்சென், ராஸ்முஸ் ஆண்ட்ரியாசென் என்ற இருவர் இம்முடிவை எதிர்த்து எழுந்தனர். பல்லின் அளவு தவறு என்று அவர்கள் கூறவில்லை. கருவியையும் குறை சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வைத்துக்கொண்ட படம் தவறு என்றார்கள்.

இதனைப் பயிரிடுவோர் நன்கு விளங்கிக்கொள்வர். மேற்கு ஜட்லாந்தின் நிலம் மணற்பாங்கானது. வடக்கேயுள்ள பழங்கருங்கற்களைப் பனிப்பாறைகள் அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய மணல் அது. மழை நீர் பன்னெடுங்காலம் கழுவிச் சென்றதால் சுண்ணாம்புச் சத்து அற்று, புளித்து, புதர் மண்டிக் கிடந்தது. 1864ஆம் ஆண்டுப் போரில் டென்மார்க் தன் தென்பகுதியை இழந்தது. வெளியே இழந்ததை உள்ளே ஈட்டுவோம் என்று அத்தேசத்தார் அப்புதர்க்காட்டைத் திருத்தத் தலைப்பட்டனர். 1866இல் அதற்கென ஒரு சங்கமே கண்டனர். புளித்த நிலத்துக்கு மருந்து சுண்ணாம்பு. சுண்ணாம்பு கலந்த களிமண்ணைத் தோண்டியெடுத்து வயல்களில் பரப்புவதற்காகக் குடியானவர்கள் ஊர்தோறும் கூட்டுச் சங்கங்கள் அமைத்தனர். சிறு தண்டவாளங்கள் இட்டு வண்டி வண்டியாகக் கொண்டு சென்றனர். பின்னர் அரைத்த சுண்ணாம்புக் கல்லும் வந்தது. ஹ்யெடிங் வெண்ணெயை உலகறியச் செய்த அதே கூட்டுறவு மனப்பான்மைதான் அப்புதர்க்காட்டையும் பசும்புல்லாக்கியது. நமக்குப் பெருமிதம் தரும் வரலாறு, அதில் ஐயமில்லை.

ஆனால் அச்சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? பழங்கடலின் அடியிலிருந்து. அதன் கணக்கு 708க்கும் குறைவு என்று மேலே கண்டோம். மணலில் ஸ்ட்ரான்ஷியம் குறைவு, சுண்ணாம்பில் மிகுதி. கொஞ்சம் சுண்ணாம்பு இட்டாலும் அதன் விகிதமே மேலோங்கிவிடும். ஒரு படி மோரில் ஓர் ஆழாக்குப் பால் ஊற்றினால் நிறம் மாறுவதைப் போன்றதன்று; ஒரு குடம் தெளிந்த நீரில் ஒரு பிடி அவுரிச் சாயத்தைக் கரைத்தது போன்றது. ஆகவே இன்றைய வயல்வெளியிலும் அதன் ஓடைகளிலும் நீர் எடுத்து அளந்தவர்கள் கண்டது வெண்கலக் காலத்து விகிதமன்று. சுண்ணாம்பினால் கீழிறக்கப்பட்ட விகிதம் என்பது தாம்சென் கட்சி. அவர்கள் உழவு படாத காட்டிலும் புதர்நிலத்திலும் ஓடும் நீரைத் தேடிச் சென்று அளந்தார்கள். அங்கே விகிதம் மேலே நின்றது. அப்பெண்ணின் பல்லும் மயிரும் கம்பளியும் காட்டிய எண்கள் அவள் புதைக்கப்பட்ட இடத்துக்கு அண்மையிலேயே கிடைத்துவிட்டன. அவள் எங்கிருந்தும் வந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவ்வூர்ப் பெண்ணாகவே இருக்கலாம். மயிரில் தெரிந்த ஏற்றத்தாழ்வு, ஆட்டு மந்தையோடு பக்கத்துப் பள்ளத்தாக்குக்கும் மேட்டுக்கும் போய் வந்ததாகக்கூட இருக்கலாம் என்றார்கள். அவளைப் போலவே வெளிநாட்டாள் என்று ஃபிரை குழுவினர் கூறிய ஸ்க்ரிட்ஸ்ட்ரப் பெண்ணின் கதையையும் இதே வாதத்தால் மறுத்தார்கள்.

இதைப் படித்தபோது நமக்கு நம் தொழிலில் நேர்ந்த ஓர் அனுபவம் நினைவுக்கு வந்தது. ஒரு பருத்தி விற்பனைச் சங்கத்தில் சித்திரை மாதத்தில் கிடங்கு இருப்பைச் சரிபார்த்தோம். பேரேட்டில் கண்ட எடைக்கும் தராசில் நின்ற எடைக்கும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தது. கிடங்குக் காப்பாளரிடம் விளக்கம் கேட்டோம். அவரால் கூற முடியவில்லை. கடுமையான குறிப்பு ஒன்றை எழுதி வைத்துவிட்டு வந்தோம். அம்மனிதர் மூன்று மாதம் தூக்கமின்றித் திரிந்தார் என்று பின்னால் கேள்வியுற்றோம். சரக்கு உள்ளே வந்தது ஐப்பசி மழையில் என்பதும், ஈரக் காற்றில் பருத்தி நீரை உறிஞ்சி எடை கூடும் என்பதும், கோடையில் அது தானே வற்றிக் குறையும் என்பதும் தெரியாதவர்கள் அல்லர் நாம். ஆயினும் சரக்கைத்தான் சந்தேகித்தோமே தவிரப் பேரேட்டில் முதலில் எழுதிய எண்ணைச் சந்தேகிக்கவில்லை. சங்கத்தின் வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர்தான் வரவுத் தேதிகளைச் சுட்டிக்காட்டி அதை எடுத்துரைத்தார். குறிப்பை நாம் திரும்பப் பெற்றுக்கொண்டோம். அவர் இழந்த தூக்கத்தைத் திருப்பித் தர நம்மால் இயலவில்லை.

ஆனால் ஃபிரை தரப்பினர் நம்மைப் போல் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குத் தக்க காரணமும் காட்டினார்கள். சுண்ணாம்பில் வந்த ஸ்ட்ரான்ஷியம் மேல்மண்ணிலேயே பெரும்பாலும் பிடித்து வைக்கப்பட்டு விடுகின்றது. ஆழத்தில் ஓடி ஊற்றாகவும் ஓடையாகவும் வெளிப்படும் நீரை அது எட்டுவதில்லை என்று மண்ணை அடுக்கடுக்காக வெட்டியெடுத்து ஆராய்ந்து 2020இல் எழுதினார்கள். அப்படியாயின் நாடெங்கும் நீரில் எடுத்த பழைய அளவு பெரிதும் பிழைபட்டதாகாது என்பது அவர்கள் வாதம். உழவு படாத சிறு துண்டு நிலத்தின் அளவைக் கொண்டு மக்கள் உண்டு வாழ்ந்த பரந்த நிலத்தை மதிப்பிடலாமா என்ற வினாவும் எழாமலில்லை. அக்காலத்தார் மேட்டு மணலில் மாத்திரமா பயிரிட்டார்கள், ஆடுகளை எங்கெல்லாம் மேய்த்தார்கள் என்பனவும் இதனுள் அடங்கும். நம் அபிப்பிராயத்தில், கருங்காட்டுக் கதை முன்பிருந்த உறுதியோடு இன்று நிற்கவில்லை. ஆனால் அவள் உள்ளூர்ப் பெண்தான் என்பதும் நிரூபிக்கப்படவில்லை.

இத்தகைய விகித ஆராய்ச்சி ஜட்லாந்தோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சாக்கோ பள்ளத்தாக்கில் பழங்குடியினர் கட்டிய பெருமாளிகைகளின் உத்திரக் கட்டைகள் 75 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மலைகளிலிருந்து சுமந்து வரப்பட்டவை என்று 2001இல் இம்முறையால் கண்டனர். வண்டியும் பொதிமாடும் இல்லாத மக்கள் அவர்கள். வெண்ணெய், அரிசி, திராட்சை ரசம் ஆகியவை தாம் விளைந்ததாகச் சொல்லப்படும் ஊரில்தான் விளைந்தனவா என்று பார்ப்பதற்கும் இதே விகிதத்தை அளந்து பார்க்கிறார்கள். போலிச் சரக்கினால் நட்டமடையும் உற்பத்தியாளர்களுக்கு இது நல்ல செய்தி என்று நம் அங்கத்தினர்கள் எண்ணக்கூடும். எண்ணுவது தவறன்று, ஆயினும் இரண்டொன்றைக் கவனிக்க வேண்டும்.

இந்த ஐசோடோப்பு இழை விளைந்த நிலத்தைச் சொல்லுமே அன்றி, அது நெய்யப்பட்ட ஊரைச் சொல்லாது. காஞ்சிபுரத்துப் புடைவையை எடுத்துக்கொள்வோம். அதன் கச்சாப்பட்டில் பெரும்பகுதி கர்நாடகத்து முசுக்கட்டைத் தோட்டங்களில் இலை தின்ற புழுக்கள் தந்தது. ஜரிகையோ பெரும்பாலும் சூரத்திலிருந்து வருவது. பட்டிழையை அளப்பவருக்குக் கர்நாடகத்து மண் தெரியலாம். காஞ்சியின் கோர்வை வேலையும் அதை இழுத்துப் போட்ட கைகளும் தெரியமாட்டா. அவற்றை அறிவதற்குத் தறியின் இலக்கணம் தெரிந்த கண்தான் வேண்டும். எக்ட்வெட் பாவாடையின் கயிறு எந்த மேய்ச்சல் நிலத்தது என்பதைப் பற்றித்தான் இருதரப்பாரும் வாதிடுகிறார்கள். அதை நெய்தவள் அவளேயா, அவள் தாயா, அயலூர்க் கைகாரியா என்பதை எந்தக் கருவியும் இதுவரை கூறவில்லை.

பயிரிடுவோர் கவனிக்க வேண்டியது நிலத்தைப் பற்றியது. வயலின் விகிதம் அதன் அடிப்பாறையின் விகிதம் என்று எண்ணிவிடலாகாது. சுண்ணாம்பைப் போலவே ஜிப்சமும் பாஸ்பேட் உரமும் தத்தம் ஸ்ட்ரான்ஷியத்தைக் கொண்டு வருகின்றன. வாய்க்கால் நீரும் அப்படியே. காவிரிப் பாசன வயலில் விளையும் நெல், தஞ்சை மண்ணின் கணக்கை மட்டுமன்றி, குடகு மலையிலும் மைசூர்ப் பீடபூமியிலும் நீர் கரைத்து வந்த பாறைகளின் கணக்கையும் சேர்த்தே சுமந்திருக்க வேண்டும். நாளை ஒருவர் நம் சங்கத்துச் சரக்கின் பிறப்பிடத்தை இம்முறையால் சோதிக்க வருவாராயின், வயலில் எந்த ஆண்டில் என்ன உரம் எவ்வளவு இடப்பட்டது, நீர் எங்கிருந்து பாய்ந்தது என்று எழுதி வைத்த புத்தகத்தை அவரிடம் காட்ட முடிய வேண்டும். ஜட்லாந்தில் எந்தெந்த வயலுக்கு எவ்வளவு சுண்ணாம்பு சென்றது என்ற கணக்கு முழுமையாகக் கிடைத்திருக்குமாயின் இவ்வழக்கு இத்தனை நீண்டிராது.

எக்ட்வெட் பெண் இப்போது கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் தன் ஓக் மரப் பெட்டியிலேயே வைக்கப்பட்டிருக்கிறாள். மயிரும் சட்டையும் கயிற்றுப் பாவாடையும் வெண்கலத் தகடும் அருகே இருக்கின்றன. சோதனைக்காக வெட்டியெடுத்தது மிகச் சிறிதே. பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை.